துண்டு பீரோவும் அரை மணி நேரமும்

குற்றாலத்தில் ஒரு விடுதியில் சில மாதங்களுக்கு முன் தொழில்முனைவோர் கூட்டம் நடந்தது. சொந்தமாக நிறுவனம் தொடங்கியவர்கள் ஒருவர் பின் ஒருவராக மேடையேறி, நல்ல பொருளை உருவாக்குவது எப்படி என்று தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள். அப்படி ஒரு நிறுவனத்தில் முதல் தொழிலாளியாகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என்னையும் கொஞ்ச நேரம் பேச அழைத்திருந்தார்கள். அழைப்பு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மைக் ஷாக் அடிக்குமா, மேடைப் படிக்குக் கைப்பிடி உண்டா, நடுவில் இருமல் வந்தால் யார் தண்ணீர் தருவார்கள் என்று ஏற்பாடு செய்தவர்களைத் திரும்பத் திரும்பப் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நான் பேசவில்லை. என் பெயரைக் கூப்பிட்ட நேரத்தில் வேறு வேலை வந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். பேசாததை எழுதியாவது கொடுங்கள் என்று எங்கள் நிறுவனத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது. பிழை இருந்தால் அவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

என் தொழில் இரும்பு பீரோ செய்வது. தென்காசியில் ஒரு பட்டறையில் தகடு வெட்டப் பழகி, வளைக்கப் பழகி, வெல்டிங் பழகி, நடுவயது தாண்டும்வரை அங்கேயே இருந்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பீரோ பட்டறையை விட்டுப் போகும்முன் பூட்டைப் பூட்டித் திறந்து பார்ப்பேன். பாதி வழியில் வண்டியை மறித்து இன்னொரு தடவை பார்ப்பேன். "ஏலே இசக்கி, நீ தொறந்து தொறந்து பாத்தே பூட்டு தேஞ்சிரும்லே" என்று முதலாளி சத்தம் போடுவார். என் பயம் அங்கே ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

கோமதி அந்தப் பட்டறைக்கு வந்தது ஒரு சாரல் காலத்தில். மேலகரத்துப் பெண். சென்னையில் இன்ஜினியராக வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தாள். கூடப் படித்த ரியாஸும் வந்திருந்தான். ஒரு பீரோ வேண்டும், ஆனால் பின்பக்கத் தகட்டில் துளைகள் வேண்டும், மேலே ஃபேன் வைக்க இடம் வேண்டும், உள்ளே தட்டுக்குப் பதிலாகக் கம்பிகள் வேண்டும் என்றாள்.

"பீரோவுக்குள்ள ஃபேன் எதுக்கு?" என்று கேட்டேன்.

"துண்டு காயப்போட அண்ணாச்சி."

குற்றாலத்தில் சீசன் என்றால் சாரல். சாரல் என்றால் துணி காயாது. அருவியில் குளித்தவர்கள் விடுதிக்கு வந்து துண்டு கேட்பார்கள். காலையில் துவைத்தது மறுநாளும் சொதசொதவென்று கிடக்கும், முடை வாடை வேறு. அதைத்தான் கொடுத்தாக வேண்டும். கீழே ஹீட்டர், மேலே ஃபேன், நடுவில் ஈரத் துண்டு. சின்ன லாட்ஜும் வாங்கக்கூடிய ஒரு பெட்டி. இதுதான் அவர்கள் செய்ய நினைத்த பொருள். பெயர் ஏதோ ஆங்கிலத்தில் வைத்தார்கள். ஊர் அதைத் துண்டு பீரோ என்றது.

நான் செய்து கொடுத்தேன். கொடுத்த கையோடு, சின்னப் பிள்ளைகள் ஒளிந்து விளையாட உள்ளே ஏறிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். ரியாஸ் சிரித்தான். கோமதி சிரிக்கவில்லை.

"காட்டுங்க" என்றாள்.

"என்னத்த?"

"உள்ள ஏறினா என்ன ஆவும்னு."

ஹீட்டரைத் துண்டித்துவிட்டு, கம்பிகளைக் கழற்றிவிட்டு, நானே உள்ளே ஏறிக் குனிந்து நின்றேன். அவள் கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து திறக்க முடியவில்லை. முழங்கையால் இடித்துப் பார்த்தேன், தோளால் தள்ளிப் பார்த்தேன். வெளியே டீக்காரர் வந்து, அண்ணாச்சி எங்கே என்று கேட்பதும், "அண்ணாச்சி உள்ள காயுதாக, கொஞ்சம் ஈரமா இருந்தாக" என்று ரியாஸ் சொல்வதும் கேட்டது. கதவைத் திறந்ததும் கோமதி கேட்டது ஒன்றுதான்: "உள்பக்கம் கைப்பிடி எங்க வைக்கலாம்?" அடுத்த வாரம் பட்டறையை விட்டு அவளிடம் சேர்ந்துவிட்டேன்.

அவளுடைய வழக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேலகரத்தில் ஒரு பழைய நெல் குடோன்தான் எங்கள் ஆலை. காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்: "இன்னைக்கு என்ன பயம் அண்ணாச்சி?" நான் சொல்வேன். பல்லி ஹீட்டருக்குள் போகும். கரண்ட் விட்டு விட்டு வந்தால் ஃபேன் ஓடாமல் ஹீட்டர் மட்டும் ஓடும். ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடுவார்கள். அவள் 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. 'நல்ல யோசனை' என்றும் சொல்லமாட்டாள். "காட்டுங்க" என்பாள். பயந்தது நடக்கிறதா என்று நானே நடத்திக் காட்ட வேண்டும். நடந்தால் பொருளை மாற்றுவோம். நடக்காவிட்டால் அந்தப் பயத்தை அன்றோடு விட்டுவிட வேண்டும். பல்லி போகவில்லை. ஃபேன் நின்று ஹீட்டர் ஓடுவது நடந்தது, அதற்கு ஹீட்டரைத் தானே அணைக்கும் ஒரு கட்அவுட் வைத்தோம். விட்டுவிட வேண்டும் என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பல்லியை நான் இன்றுவரை முழுதாக விடவில்லை.

துண்டு உலர்ந்ததா என்று பார்க்கவும் ஒரு முறை இருந்தது. காய்ந்த துண்டைத் தராசில் வைத்து எடை பார்ப்போம். நனைத்துப் பிழிந்து மறுபடி எடை. பீரோவில் போட்டு எடுத்ததும் மறுபடி எடை. கடைசியாகக் கோமதி துண்டை நாலாக மடித்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். தராசு சரி என்று சொல்லி, கன்னம் குளிர்ந்தால், அது ஈரம்தான். கன்னத்தைத்தான் கணக்கில் எடுப்பாள். ஒவ்வொரு சோதனையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதால் கடையிலிருந்து ஒரே ரகப் புதுத் துண்டுகள் வாங்கி வைத்திருந்தோம். வாசிப்பவர்கள் இந்தப் புதுத் துண்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் காய வேண்டும் என்று லாட்ஜ்காரர்கள் கேட்டதால் ஹீட்டரைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் அரை மணி நேரத்தில் உலர வைத்தோம். ரியாஸ் துள்ளினான். விற்பனை அவன் பொறுப்பு. "அரை மணி நேரத்தில் உலரும்" என்று பீரோ கதவிலேயே சிவப்பில் எழுதச் சொன்னான். அதைச் சொல்லித்தான் ஐந்தருவிப் பாதையிலும் மெயின் அருவிப் பக்கமும் லாட்ஜ் லாட்ஜாக விற்றான். லாட்ஜ்காரர்கள் வாங்கியது பீரோவை அல்ல, அந்த அரை மணி நேரத்தை. மறு சீசனில் எங்கள் பீரோ இல்லாத தெரு குறைவு. கோமதி வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தது. அந்த சீசன் நன்றாகப் போனால் கம்பெனி நிற்கும், இல்லாவிட்டால் குடோன் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். எங்கள் மூன்று பேருக்கும் இது தெரியும்.

அப்போதுதான் ஐந்தருவிப் பக்கத்து லாட்ஜ் ஒன்றிலிருந்து போன் வந்தது. மத்தியான நேரம். துண்டு எரிகிறது என்றார்கள்.

போய்ப் பார்த்தபோது பீரோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்விட்சுகூட அணைந்திருந்தது. எரிந்தது வெளியே. துண்டுகளை எடுத்து மடித்து ஒரு பெரிய பிரம்புக் கூடையில் அடுக்கியிருக்கிறார்கள். கூடையிலிருந்து புகை வந்திருக்கிறது. அங்கே துணி துவைத்து மடிக்கும் பேச்சியம்மாள் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி ஊற்றிவிட்டு, நனைந்த சேலையோடு சுவரில் சாய்ந்து நின்றாள்.

கோமதி கூடைப் பக்கத்தில் உட்கார்ந்து துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். மேலே இருந்தவை வெள்ளையாக இருந்தன. அடுத்தது தோசை நிறம். அதற்கடுத்தது கறுப்பு. நடுவில் இருந்தது கையோடு உதிர்ந்தது. அடியில் மறுபடி வெள்ளை.

லாட்ஜ் முதலாளி நாற்பது வயதுக்காரர், நிதானமாகப் பேசுவார். "எவனோ பீடியப் போட்டுட்டான்" என்றார்.

ரியாஸ் உடனே பிடித்துக்கொண்டான். "ஆமா அண்ணாச்சி. மிஷின் ஆஃபுலதான் கெடக்கு. துண்டு வெளிய இருந்துருக்கு. பீடிதான்."

"மடிச்சவ இவதான. இவ பாக்காம யாரு பாப்பா?" என்று முதலாளி பேச்சியம்மாளைக் காட்டினார்.

"இங்கன பீடி குடிக்கவன் யாரு மொதலாளி? நீங்க சிகரெட்டு, வாட்ச்மேன் பாக்கு. நான் வெத்தல. வெத்தலையில தீப் பிடிக்குமா?"

"வாய மூடு. நாளைலருந்து வர வேண்டாம்."

இதுதான் நிலைமை. பீடி என்றால் பேச்சியம்மாளுக்கு வேலை போகும், எங்கள் கம்பெனி தப்பும். பீரோ என்றால் அவளுக்கு வேலை இருக்கும், எங்களுக்குக் கம்பெனி இருக்காது. நான் அங்கே நின்றுகொண்டு, பேச்சியம்மாளுக்கு வேறு எந்த லாட்ஜில் வேலை சொல்லலாம் என்று யோசித்தேன். கோமதி முதலாளியிடம், நாங்கள் பார்த்துச் சொல்லும்வரை அந்த அம்மாவை நிறுத்த வேண்டாம் என்று மட்டும் கேட்டாள். அவர் இரண்டு நாள் கொடுத்தார்.

குடோனுக்கு வந்ததும் ரியாஸிடம் திரும்பினாள். "பீடின்னா பீடியக் காட்டு."

"கோமதி, சீசன் நடக்கு. இது தேவையா?"

"காட்டு."

அவன் பீடிக் கட்டு வாங்கிவந்தான். எங்களில் யாருக்கும் பழக்கம் இல்லாததால் பற்றவைப்பதற்குள் மூன்று பேரும் இருமினோம். துண்டு அடுக்கின் மேலே போட்டோம். பீடி ஒரு துளை போட்டு அணைந்தது. மடிப்பின் நடுவில் வைத்தோம். காற்று இல்லாமல் அணைந்தது. ரியாஸ் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு நான் பயந்ததை எல்லாம் செய்து காட்டினேன். சூடான துண்டுகளைப் பீரோவிலிருந்து எடுத்து, மடித்து, கூடையில் அடுக்கிக் காத்திருந்தோம். ஆறிப்போயின. இன்னும் சூடாக்கினோம், இன்னும் நெருக்கி அடுக்கினோம். அவையும் ஆறின. பீரோவால் இல்லை, பீடியாலும் இல்லை. கூடை தானாக எரிந்ததாகத்தான் ஆயிற்று.

மறுநாள் காலையில் கோமதி பயத்தைக் கேட்கவில்லை. "நாம எரிக்கப் பாத்தது நம்ம துண்டு. எரிஞ்சது அவுக துண்டு" என்றாள். ரியாஸை லாட்ஜுக்கு அனுப்பித் துவைத்த துண்டுகளை வாங்கிவரச் சொன்னாள். அவன் சாக்கைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கினான். இறக்கிவிட்டுக் கையை முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான்.

"அண்ணாச்சி, இங்க வாங்க. இது என்ன வாடை?"

முகர்ந்தேன். நல்லெண்ணெய்.

"மசாஜ் துண்டு" என்றான் ரியாஸ். சொல்லிவிட்டு அங்கேயே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான். சொன்னால் கதவில் எழுதிய அந்த அரை மணி நேரம் போய்விடும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அவன்தான் சொன்னான். அதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள். குளித்துவிட்டு லாட்ஜ் துண்டில் துடைப்பார்கள். அந்தத் துண்டைச் சாரலில், பச்சைத் தண்ணீரில், கொஞ்சம் சோப்புப் பொடி போட்டு அலசுவார்கள். அழுக்குப் போகும், எண்ணெய் போகாது. சீசன் முழுக்க ஒரே துண்டில் எண்ணெய் ஏறிக்கொண்டே இருக்கும். இது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நானே எண்ணெய் தேய்த்து அந்த அருவியில் குளித்து வளர்ந்தவன். ஆனால் குடோனுக்குள் எங்களிடம் இருந்தது புதுத் துண்டு.

அந்தத் துண்டுகளை நனைத்துப் பிழிந்து பீரோவில் போட்டோம். அரை மணி நேரம் கழித்து எடுத்தோம். பேச்சியம்மாளை வரவழைத்து, அவள் எப்படி மடிப்பாளோ அப்படியே மடித்து, அதே மாதிரிக் கூடையில் அடுக்கச் சொன்னோம். அவள் அடுக்கிவிட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டினாள். கூடையை வாசலில் சிமெண்ட் தரையில் வைத்து, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் வைத்தோம். மூன்றாவது வாளியை நான் வைத்தேன்.

முதலில் ஒன்றும் இல்லை. கோமதி அவ்வப்போது அடுக்கின் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தாள். புதுத் துண்டு நேரம் போகப் போக ஆறியது. இது ஆறவில்லை. அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை, சாரல் காற்று வேறு அடிக்கிறது. நடுச் சூடு ஏறிக்கொண்டே போனது. டீ வந்தது, குடித்தோம். பேச்சியம்மாள் வெற்றிலை போட்டாள். சாயங்காலம் ஆகும்போது செக்கில் எள்ளுப் பிண்ணாக்குக் கருகுவது போல ஒரு வாடை வந்தது. கோமதி கையை நுழைத்தாள், சட்டென்று இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கூடையின் ஓரத்தில் நூல் போல ஒரு புகை எழுந்தது.

"நான் பீடி குடிக்கல பாத்தியளா" என்றாள் பேச்சியம்மாள்.

எண்ணெய் ஊறிய துணியைச் சூட்டோடு அடுக்கினால் உள்ளே தானாகச் சூடு ஏறும் என்று பிறகு கோமதி படித்துச் சொன்னாள். எனக்கு அந்தக் கூடையே போதுமாக இருந்தது.

ரியாஸ் ஒரு வழி சொன்னான். "ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம். எண்ணெய்த் துண்டு போடக் கூடாதுன்னு."

கோமதி பேச்சியம்மாளைப் பார்த்தாள். "அப்படி எழுதியிருந்தா போடாம இருப்பியளா ஆச்சி?"

"பொறவு எதப் போட? இங்கன வாரவுக எல்லாம் எண்ணெ தேய்க்கத்தான வாராக. எண்ணெ இல்லாத துண்டு வேணும்னா நீ கடைலதான் வாங்கணும் தாயி."

கோமதி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக் கூடையில் ஊற்றினாள். பிறகு, "எல்லா லாட்ஜுலயும் நிப்பாட்டச் சொல்லணும்" என்றாள். சீசன் உச்சத்தில் இருந்தது. ரியாஸ் எதிர்த்துப் பேசுவான் என்று நினைத்தேன். அவன் வண்டிச் சாவியை எடுத்தான். விற்ற அதே வாயால் லாட்ஜ் லாட்ஜாகப் போய், போடாதீர்கள் என்று சொன்னான். அந்த ஐந்தருவி லாட்ஜுக்கு மட்டும் கோமதியே போய், தவறு எங்கள் பொருளில், அந்த அம்மாவிடம் இல்லை என்றாள். முதலாளி பேச்சியம்மாளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. பீரோவைத் திருப்பி அனுப்பினார். நிறையப் பேர் அனுப்பினார்கள். குடோன் வாசலில் அவை சாரலில் நனைந்தபடி வரிசையாக நின்றன. துருப்பிடிக்குமே என்று தார்ப்பாய் போட்டு மூடினேன்.

கோமதி குடோன் சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எப்படிச் சமாளித்தாள் என்று நான் கேட்கவும் இல்லை. பொருளை எப்படி மாற்றினோம் என்பது எனக்குத் தெரியும். சூட்டைக் குறைத்தோம், காற்றைக் கூட்டினோம், கடைசியில் வெறும் குளிர்காற்று ஓடி முடிந்து, துண்டு ஆறிய பிறகுதான் வெளிப் பூட்டு திறக்கும்படி வைத்தோம். உள்ளிருந்து தள்ளினால் மட்டும் எப்போதும் திறக்கும். அரை மணி நேரம் இரட்டிப்பாயிற்று. கதவில் இருந்த சிவப்பு எழுத்தை நானே சுரண்டினேன். முதல் சீசனில் லாட்ஜ் ஆட்கள் கரண்டியால் பூட்டை நெம்பித் திறந்தார்கள். கரண்டி நுழையாத பூட்டு செய்தேன். சத்தம் போட்டார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். அதன்பின் நான் ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு புது மாடலுக்கும் பேச்சியம்மாளின் கூடையில் பேச்சியம்மாளின் துண்டை அடுக்கித்தான் சோதித்தோம். கம்பெனி பெரிதாகவில்லை, நிலைத்தது. வேறு ஒரு கம்பெனி அரை மணி நேரம் என்று சொல்லி எங்களைவிட அதிகமாக விற்றது, இப்போதும் விற்கிறது.

இனி அந்தக் கூட்டம். இளைஞர்கள் நன்றாகவே பேசினார்கள். வாங்குகிறவர் பேச்சைக் கேளுங்கள் என்றார் ஒருவர். முழுதாக முடியும்வரை காத்திராமல் சந்தைக்குக் கொண்டுவாருங்கள் என்றார் இன்னொருவர். எதுவும் பொய் இல்லை. லாட்ஜ்காரர் பேச்சைக் கேட்டுத்தான் நாங்களும் அரை மணி நேரம் செய்தோம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தது என் முறை என்றதும் கழிப்பறையைத் தேடிப் பின்பக்கம் போனேன்.

வழியில் துணி அறை. கதவு திறந்திருந்தது. உள்ளே அந்த வேறு கம்பெனியின் பீரோ. பக்கத்துத் தள்ளுவண்டியில் மடித்த துண்டுகள் என் இடுப்பு உயரத்துக்கு இருந்தன. அதன் முன்னால் கோமதி நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அடுத்து அவளும் பேச வேண்டியவள். பட்டுச் சேலைக் கையை முழங்கை வரை அடுக்குக்குள் விட்டிருந்தாள்.

"நீங்களும் வந்துட்டியளா" என்றாள். "பாருங்க."

நானும் கையை விட்டேன்.

"சூடு" என்றேன்.

"இப்ப எடுத்ததா இருக்கும்."

துண்டு மடிக்கும் பெண் உள்ளே வந்தாள். எப்போது எடுத்தது என்று கேட்டோம். காலைச் சாப்பாட்டுக்கு முன்னே எடுத்தேன் என்றாள். மத்தியானம் ஆகியிருந்தது. கோமதி ஒரு துண்டை உருவி முகர்ந்து என்னிடம் நீட்டினாள். நான் முகர வேண்டியிருக்கவில்லை.

"ஏன் மேடம் பிரிக்கீய? கஷ்டப்பட்டு மடிச்சிருக்கேன்."

"மடிச்சது நல்லாத்தான் இருக்கு தாயி. கைய உள்ள விடு."

அவள் விட்டாள். "யம்மா, சுடுது" என்று கையை உதறினாள். பிறகு கேள்வி கேட்காமல் எங்களோடு சேர்ந்து துண்டுகளை அள்ளினாள். வெளியே சாரல். விரித்துப் போட நனையாத இடம் அங்கே ஒன்றுதான் இருந்தது.

கூட்ட அறையின் பின்கதவு வழியாக மூன்று பேரும் உள்ளே போய், கடைசி வரிசையிலிருந்து காலி நாற்காலிகளின் முதுகில் ஒவ்வொரு துண்டாக விரித்தோம். மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அறை முழுக்க நல்லெண்ணெய் வாடை.

"மேடம், இது டெமோவா?" என்று மைக்கில் கேட்டார் நடத்துகிறவர்.

"இல்ல தம்பி. துண்டு காயுது" என்றாள் கோமதி.

சிலர் சிரித்தார்கள். சிலர் எழுந்து தங்கள் நாற்காலியையும் கொடுத்தார்கள். கொஞ்சம் அமைதியானதும் நடத்துகிறவர் என் பெயரைச் சொல்லி மேடைக்கு வரும்படி அழைத்தார். கைதட்டினார்கள். நான் போகவில்லை. அடுக்கின் நடுவில் இருந்த துண்டைக் கையில் வைத்திருந்தேன். அது இன்னும் ஆறவில்லை.